மிடி ஸீ எந்த ஊர் இயக்குநர்?

கேள்வி இது: "மிடி ஸீயைச் சில இடங்களில் பர்மிய இயக்குநர் என்கிறார்கள், சில இடங்களில் தைவான் இயக்குநர் என்கிறார்கள். எது சரி? அவருடைய வாழ்க்கை, படங்கள் பற்றி விரிவாகச் சொல்ல முடியுமா?"

இரண்டும் சரிதான். பிறந்தது பர்மாவின் (இன்றைய மியான்மர்) ஷான் மாநிலத்தில். 2011 முதல் தைவான் குடிமகன். படங்களில் பெரும்பாலும் ஒலிப்பது பர்மிய மொழியும் அல்ல, தைப்பேயில் பேசும் சீனமும் அல்ல, பர்மாவை ஒட்டிய சீனாவின் யுன்னான் மாகாணத்து வட்டாரச் சீனம். எந்த அடையாள அட்டையை நீட்டுவது என்று தெரியாமல் விழிக்கிறவர்களைப் பற்றித்தான் இந்த மனிதர் திரும்பத் திரும்பப் படம் எடுக்கிறார். ஆகவே நீங்கள் கேட்டது அவருடைய படங்களுக்குள்ளேயே இருக்கிற கேள்வி. அதை முதலில் ஊரிலிருந்து தொடங்க வேண்டும்.

ஊர் லாஷியோ. மாண்டலேயிலிருந்து வடகிழக்கே போகும் ரயில் பாதை முடியும் இடம். 1937-38இல் அங்கிருந்து சீனாவின் குன்மிங் வரைக்கும் மலையைக் குடைந்து ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரு சாலை போட்டார்கள். கடற்கரைத் துறைமுகங்களை ஜப்பான் அடைத்துவிட்ட நிலையில் சீனாவுக்குள் ஆயுதமும் மருந்தும் போய்ச் சேர இருந்த வழி அது. பர்மா சாலை என்று வரலாற்றுப் புத்தகங்கள் சொல்வது இதைத்தான். அதற்கு முன்பும் யுன்னானிலிருந்து கோவேறு கழுதைகளில் சரக்கேற்றி வந்த வணிகர்களுக்கு இந்தப் பக்கம் பழகிய தடம். 1949இல் சீனாவில் கம்யூனிஸ்டுகள் வென்றதும் தோற்ற கோமிண்டாங் (தேசியவாதக் கட்சி) படையில் ஒரு பகுதி எல்லை தாண்டி ஷான் மலைகளுக்குள் வந்தது. அகதிகளும் வந்தார்கள். இப்படிப் பல தலைமுறைகளாக வந்து படிந்த யுன்னான் சீனர்கள் லாஷியோவில் நிறையப் பேர். அவர்களில் ஒரு ஏழைக் குடும்பத்தின் ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டியாக 1982 டிசம்பரில் பிறந்தவர் ஜாவ் த-யின். திரைக்கு வைத்துக்கொண்ட பெயர் மிடி ஸீ.

அந்த ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். 1982 அக்டோபர் 15 அன்று ஜெனரல் நே வினின் ராணுவ அரசு புதிய குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. 1823க்கு முன்பே பர்மிய மண்ணில் இருந்ததாக அரசு ஒப்புக்கொண்ட இனங்களுக்கு முழுக் குடியுரிமை. மற்றவர்களுக்கு இணைக் குடியுரிமை அல்லது இயல்புரிமை பெற்ற குடியுரிமை. அட்டைக்கும் வெவ்வேறு நிறம்: முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு, அடுத்த படிக்கு நீலம், அதற்கும் அடுத்ததற்குப் பச்சை. யுன்னான் சீனர்களில் கோகாங் பிரிவினர் மட்டும் அங்கீகரிக்கப்பட்ட இனப் பட்டியலில் இருக்கிறார்கள். மற்றவர்கள் இல்லை. சட்டம் வந்து இரண்டு மாதத்தில் பிறந்த குழந்தை பிற்காலத்தில் அடையாள அட்டை வாங்க அலைகிறவர்களைப் பற்றியே படம் எடுத்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

அதற்கும் முன்னால் நடந்ததை நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அடுத்த சில ஆண்டுகளில் கடைகளும் வங்கிகளும் தேசியமயமாயின, பள்ளிகளும் தப்பவில்லை. சென்னையில் பர்மா பஜார் உருவானதற்குக் காரணமான அதே அலைதான் சீனர்களையும் அடித்தது. 1967இல் ரங்கூனில் சீனர்களுக்கு எதிராகக் கலவரமே நடந்தது. நம்மவர்கள் கப்பலேறினார்கள். லாஷியோ சீனர்களில் பலருக்கு ஏறக் கப்பல் இல்லை. அக்கரையில் மாவோவின் கலாச்சாரப் புரட்சி, இக்கரையில் நே வின். இருந்த இடத்திலேயே ஒடுங்கி இருந்தார்கள்.

ஒடுங்கி இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வெளியேற இருந்த வழிகள் சில. தாய்லாந்துக்குக் கள்ளத்தனமாகப் போய்க் கூலி வேலை. வடக்கே கச்சின் மாநிலத்தில் பச்சைக்கல் (ஜேட்) தோண்டப் போவது. படிப்பில் கெட்டியாக இருந்தால் தேர்வெழுதித் தைவானுக்குப் போவது. வெளிநாட்டுச் சீன மாணவர்களைத் தைவான் பல பத்தாண்டுகளாகத் தன் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சேர்த்துக்கொண்டு வருகிறது. மிடி ஸீயின் அண்ணன் பச்சைக்கல் தேடிப் போனார். கூடப்பிறந்தவர்களில் தாய்லாந்துக்குப் பிழைக்கப் போனவர்களும் உண்டு. கடைக்குட்டி தேர்வெழுதினார். 1998இல், பதினாறு வயதில், தைவானின் தைச்சுங் நகரத்துத் தொழிற்பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கிருந்து தைப்பேயில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் படிப்பு. சினிமாப் படிப்பு அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டப்படிப்பின் முடிவில் எடுத்த 'வெள்ளைப் புறா' என்ற குறும்படம் (2006) திரைவிழாக்களுக்குப் போனது. 2009இல், தைவானின் பெரிய திரைவிருதான கோல்டன் ஹார்ஸை நடத்தும் அமைப்பு இளம் இயக்குநர்களுக்காகத் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் முதல் அணியில் இடம் கிடைத்தது. பள்ளிக்குத் தலைமை ஹௌ ஷியாவ்-ஷியென். 1989இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியவர், தைவான் புதிய அலையின் பெரிய பெயர். அந்தப் பயிற்சிக் காலத்தில் உருவான குறும்படத்துக்கு மிடி ஸீ தேர்ந்த களம் தைப்பேயை ஒட்டிய ஜோங்ஹ பகுதியின் ஹுவாஷின் தெரு. பர்மாவிலிருந்து வந்த சீனர்கள் குடியேறிய தெரு அது. தைவானில் எடுத்தபோதும் கால்கள் பர்மாத் தெருவைத் தேடித்தான் போயிருக்கின்றன.

ஹௌவின் சாயல் அவர் படங்களில் உண்டு: நகராத கேமரா, நீண்ட காட்சி, சம்பவத்தைத் தள்ளி நின்று பார்க்கும் பொறுமை. ஆனால் அந்தப் பாணியை ஆசானிடமிருந்து வந்த பாதிப்பு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அன்றைய பர்மாவில் படம் எடுக்கத் திரைக்கதையைத் தணிக்கைக்குக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். இவர் கொண்டுபோன கதைகளுக்கு அனுமதி கிடைக்காது. ஆகவே விரல்விட்டு எண்ணக்கூடிய குழு, சின்ன டிஜிட்டல் கேமரா, இருக்கிற வெளிச்சம், நண்பர்களும் உறவினர்களும் நடிகர்கள். விளக்கு கட்டித் தண்டவாளம் போட்டுக் கேமராவை உருட்டினால் ஊரே கூடும், போலீசும் கூடும். ஒரு மூலையில் கேமராவை வைத்துவிட்டு நகராமல் நிற்பது அழகியலாக இருந்த அளவுக்கே பிழைக்கும் வழியாகவும் இருந்தது.

அப்படி எடுத்த முதல் முழுநீளப் படம் 'பர்மாவுக்குத் திரும்புதல்' (2011). 2010 நவம்பர் 7 தேர்தல் நேரம். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கும் தேர்தல். தைவானில் கட்டட வேலை பார்த்த ஷிங்-ஹோங், கூட வேலை பார்த்து இறந்துபோன நண்பனின் அஸ்தியைச் சுமந்துகொண்டு ஊர் திரும்புகிறான். ஊரில் அவன் செய்வதெல்லாம் விசாரிப்பதுதான். உனக்கு மாதம் என்ன வருது? இந்த வண்டி என்ன விலை? இந்தக் கடை போட எவ்வளவு ஆகும்? படம் முழுக்க இந்தக் கணக்கு ஓடுகிறது. வானொலியில் புது நாடு பிறப்பதாகப் பாட்டு. வீட்டிலோ தம்பி மலேசியாவுக்குக் கிளம்ப மூட்டை கட்டுகிறான். அண்ணன் வரும் வழியில் தம்பி போகிறான், அவ்வளவுதான் கதை. கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். வளைகுடாவிலிருந்து திரும்பிவந்த யாரிடமாவது பேசியிருந்தால் அந்தச் சம்பள விசாரிப்பு எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். படம் தென்கொரியாவின் புசான் திரைவிழாவுக்குப் போய், அங்கிருந்து 2012இல் ராட்டர்டாம் விழாவின் டைகர் போட்டிக்குப் போனது. நாயகனாக நடித்த வாங் ஷின்-ஹோங் தொழில்முறை நடிகர் அல்லர், இயக்குநரின் நண்பர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

அடுத்த படத்துக்குச் சீன மொழியில் வைத்த தலைப்பு நான்கு பெயர்ச்சொற்கள்: ஏழைகள், துரியன் பழம், போதை மருந்து, கள்ளக் குடியேறிகள். ஆங்கிலத்தில் 'ஏழை ஜனங்கள்' (2012) என்று சுருக்கிவிட்டார்கள். பாங்காக்கிலும் தாய்லாந்தின் வட எல்லையிலும் நடக்கிறது. விற்கப்பட்ட தங்கையை மீட்கக் காசு தேடும் அண்ணன், அட்டைக்காக அலையும் பெண். என் கணக்கில் இது கொஞ்சம் சிதறலான படம். ஆனால் பின்னால் இவருடைய முக்கியமான படங்களில் வரும் வூ க-ஷி என்ற தைவான் நடிகை இதில் நடித்திருக்கிறார்.

மூன்றாவது படமான 'ஐஸ் பாய்சன்' (2014) வந்தபோதுதான் பெயர் பரவலாகத் தெரிந்தது. மலையில் காய்கறி பயிரிடும் அப்பாவும் மகனும். விளைச்சலுக்கு விலை இல்லை. கடன் கேட்டு வீடு வீடாக இறங்கி வருகிறார்கள். எல்லா வீட்டிலும் தேநீர் கிடைக்கிறது, பணம் கிடைக்கவில்லை. கடைசியில் பசுமாட்டை அடகு வைத்து ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொள்கிறார்கள். மகன் லாஷியோ பேருந்து நிலையத்தில் சவாரி ஏற்றப் போகிறான். பத்து பேர் ஒரே பயணியைச் சூழ்ந்துகொள்கிற இடம், இவனுக்கோ கூவி அழைக்கவே வரவில்லை. தாத்தாவை அடக்கம் செய்யச் சீனாவிலிருந்து வரும் சான்மெய் என்ற பெண் இவன் வண்டியில் ஏறுகிறாள். ஏமாற்றிக் கல்யாணம் செய்துவைக்கப்பட்டவள். திரும்பிப் போக மனமில்லை, பிள்ளையை இங்கே கூட்டிவரப் பணம் வேண்டும். 'ஐஸ்' என்ற போதைப்பொருளைக் கைமாற்றும் வேலை வருகிறது. அவள் சரக்கு, அவன் வண்டி.

கடத்தல் படம் என்று நினைத்துப் போனால் ஏமாறுவீர்கள். துரத்தலும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. அடகுக்குப் போன மாடு மட்டும் படம் நெடுக மனதின் ஓரத்தில் நின்றுகொண்டே இருக்கிறது. கடனைத் திருப்பினால் மாடு வரும், இல்லாவிட்டால் வெட்டுக்குப் போகும். படம் எங்கே போய் முடியும் என்று ஊகிக்கலாம், பார்க்கத்தான் மனம் திடமாக இருக்க வேண்டும். பெர்லின் திரைவிழாவில் பனோரமா பிரிவு, எடின்பரோ விழாவில் சிறந்த சர்வதேசப் படம், பிறகு ஆஸ்கருக்குத் தைவானின் பரிந்துரை. பர்மாவில் அனுமதியில்லாமல் எடுத்த லாஷியோ கதை தைவான் நாட்டின் சார்பில் ஆஸ்கருக்குப் போனது. உங்கள் கேள்வியின் சிக்கல் இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

இனி ஆவணப் படங்கள். இவருடைய புனைகதைகளைவிட எனக்கு இவைதான் நெருக்கம். 'பச்சைக்கல் நகரம்' (2016) அண்ணனைப் பற்றியது. அப்பாவின் சாவுக்குக்கூட வராதவர், கல் தேடிப் போய் அபினுக்கு அடிமையாகிச் சிறைக்கும் போய் வந்தவர். கச்சின் விடுதலைப் படைக்கும் பர்மிய ராணுவத்துக்கும் 1994இல் ஏற்பட்ட போர்நிறுத்தம் 2011 ஜூனில் முறிந்தது. பெரிய நிறுவனங்கள் இயந்திரங்களை நிறுத்திவிட்டு வெளியேறிய சுரங்கங்களுக்குள் சில்லறைத் தோண்டிகள் ஆயிரக்கணக்கில் புகுந்தார்கள். ராணுவம் வந்தால் ஓடுவது, போனதும் தோண்டுவது. அண்ணனும் மறுபடி கிளம்புகிறார். தம்பி கேமராவோடு பின்னால் போகிறார்.

அந்த வட்டாரத்தில் ஃபாகந்த் என்ற ஊரைச் சுற்றி உலகின் மிக உயர்ந்த தரப் பச்சைக்கல் கிடைக்கிறது. பெரும்பங்கு சீனாவுக்குப் போகிறது. 2014இல் மட்டும் இந்த வியாபாரம் 3,100 கோடி டாலர் வரை இருக்கலாம் என்று குளோபல் விட்னஸ் அமைப்பு மதிப்பிட்டது. தோண்டுகிறவன் கையில் போதை ஊசிதான் மிஞ்சுகிறது. மழைக்காலத்தில் கழிவு மண்மேடு சரிந்து சாவதும் வழக்கம். 2020 ஜூலை 2 அன்று ஒரே சரிவில் 170 பேருக்கு மேல் இறந்தார்கள். படத்தில் இந்தப் புள்ளிவிவரங்கள் வராது. காய்ச்சலில் கிடக்கிறவர்கள், குடிசையில் சோறாக்குகிறவர்கள், எப்போதாவது பெரிய கல் அகப்பட்டுவிடும் என்று தினமும் பேசிக்கொள்கிறவர்கள் வருவார்கள். இடையிடையே இயக்குநரின் குரல். அண்ணனை மன்னித்தாரா இல்லையா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் பிடிபட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

அதே 2016இல் 'மாண்டலே செல்லும் சாலை'. ஆங்கிலத் தலைப்பு ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங்கின் கவிதை வரியை நினைவூட்டும் (அவர் மாண்டலேயைப் பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம்). சீனத் தலைப்போ 'போய் வருகிறேன், வாச்செங்'. வாச்செங் என்பது பர்மியச் சீனர்கள் மாண்டலேக்கு வைத்த பெயர். ஒரே படத்துக்கு ஒரு மொழியில் போகிற பாதை, இன்னொரு மொழியில் விடைபெறுதல். இரண்டாவதுதான் படத்துக்குப் பொருத்தம்.

லியன்சிங்கும் குவோவும் தாய்லாந்துக்குள் கடத்தி வரப்படும் வழியில் சந்திக்கிறார்கள். கூடுதல் பணம் கட்டி வண்டியில் இருக்கை வாங்கியவன் அதை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்பக்கச் சாமான் அறைக்குள் மடங்கிப் படுத்துக்கொள்கிறான். காதல் இங்கே தொடங்குகிறது, கோளாறும் இங்கேதான். அவளுக்கு வேண்டியது அட்டை. அட்டை இருந்தால் பாங்காக்கில் நல்ல வேலை, அங்கிருந்து தைவானுக்கும் போகலாம். அவனுக்கு வேண்டியது கொஞ்சம் காசு சேர்த்து அவளோடு ஊருக்குத் திரும்பிக் கடை வைப்பது. பாத்திரம் கழுவும் வேலையிலிருந்து ஆலைக்குப் போகிறாள். அங்கே அவளுக்குப் பெயரில்லை, எண்தான். அட்டைக்காகத் தன்னை விற்கத் துணியும் இரவில், அறைக்குள் வருவது மனிதன் அல்ல, ஒரு பெரிய உடும்பு. அதுவரை புழுதியும் வியர்வையுமாக நேராக ஓடிய படத்தில் திடீரென்று இந்தக் காட்சி. சிலருக்கு ஒட்டவில்லை. எனக்கு ஒட்டியது. அந்த அறைக்குள் வேறு எதைக் காட்டியிருந்தாலும் நாம் வேடிக்கை பார்த்திருப்போம்.

கதை, ஊரில் நடந்த உண்மைச் சம்பவத்திலிருந்து எடுத்தது. வூ க-ஷி லாஷியோ யுன்னான் பேச்சைக் கற்றுக்கொண்டு நடித்தார். குவோவாகத் தைவான் நட்சத்திரம் கோ சென்-துங். 2014இல் பெய்ஜிங்கில் போதை வழக்கில் பிடிபட்டு மார்க்கெட் சரிந்திருந்த நேரம் அவருக்கு. பளபளப்பான காதல் நாயகனை எண்ணெய்ப் பிசுக்கோடு ஆலையில் நிறுத்தியது துணிச்சல். பலன் கிடைத்தது: இருவருக்கும் கோல்டன் ஹார்ஸ் நடிப்புப் பரிந்துரை. வெனிஸில் இயக்குநர்களின் நாட்கள் பிரிவில் திரையிட்டார்கள், விமர்சகர் விருது ஒன்றும் கிடைத்தது. அந்த ஆண்டின் சிறந்த தைவான் திரைக்கலைஞர் என்று கோல்டன் ஹார்ஸ் மிடி ஸீயைத் தேர்ந்தெடுத்தது. பதினாறு வயதில் வந்து இறங்கிய பையனுக்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து.

அதற்குப் பிறகு வேகமாகச் சொல்லலாம். '14 ஆப்பிள்கள்' (2018): தூக்கம் வராத நண்பரிடம், பதினான்கு நாள் மடத்தில் துறவியாக இரு, நாளுக்கு ஓர் ஆப்பிள் சாப்பிடு என்று ஜோசியர் சொல்கிறார். நண்பர் வேறு யாருமல்ல, அதே வாங் ஷின்-ஹோங். காவி உடுத்தியதும் நேற்றுவரை வியாபாரியாக இருந்தவரிடம் கிராமத்துப் பெண்கள் குறை சொல்லி வழி கேட்கிறார்கள். எனக்கு இது அவருடைய மிகக் குறும்பான படம். 'நினா வூ' (2019) கான் விழாவின் அன் செர்ட்டன் ரிகார்ட் பிரிவுக்குப் போனது. வூ க-ஷி எழுதிய கதை. வாய்ப்புக்காக ஒரு நடிகை படும் அவமானம், பிறகு உடையும் மனம். நேர்த்தியான படம்தான், ஆனால் அந்த நேர்த்தியில் எனக்கு லாஷியோ புழுதி குறைந்தது. 2024இல் சீனாவின் பெரிய நட்சத்திரம் ஜாவ் லியிங்கை வைத்துச் சீனாவிலேயே 'காணாத சகோதரி' எடுத்தார், டோக்கியோ விழாப் போட்டியில் இருந்தது. இன்னொருத்தியின் அடையாளத்தில் வாழும் பெண் என்ற சரடு பழைய மிடி ஸீதான்.

சரி, பர்மிய சினிமாவோடு அவருக்கு என்ன உறவு? பர்மாவுக்கென்று ஒரு பழைய திரைத்துறை உண்டு. 1920இல் ஓன் மாவுங் எடுத்த மௌனப் படம் முதல் கதைப்படம், நாயகன் ஞீ பூ. 1950களில் ரங்கூன் ஸ்டூடியோக்கள் களைகட்டி இருந்தன, 1952 முதல் அரசு அகாடமி விருதும் கொடுத்தது. பாட்டும் குடும்பக் கதையும் பர்மிய மொழியுமாக வளர்ந்த துறை அது. மிடி ஸீ அந்த வரிசையில் வந்தவரே இல்லை. பர்மிய மொழிச் சினிமா மலைநாட்டுக்காரர்களைப் பின்னணியாக வைத்துக்கொண்ட காலத்தில், அந்த மலையிலிருந்து ஒருவர் தன் வீட்டுப் பேச்சில் படம் எடுத்தார். ரங்கூன் மரபின் இயக்குநரா என்றால் இல்லை. அந்த நாட்டைத் திரையில் காட்டிய முக்கியமானவர்களில் ஒருவரா என்றால் சந்தேகமே இல்லாமல் ஆம்.

தைவான் குடியுரிமை அவருக்குக் கொடுத்த பாதுகாப்பையும் சொல்ல வேண்டும். யாங்கோனில் (ரங்கூனின் இன்றைய பெயர்) மனித உரிமைத் திரைவிழா தொடங்கிய மின் தின் கோ கோ ஜி, ராணுவத்தை விமர்சித்து முகநூலில் எழுதியதற்காக 2019இல் ஓராண்டு கடுங்காவல் பெற்றார், அதுவும் கல்லீரல் புற்றுநோயோடு. 2021 பிப்ரவரி 1 ஆட்சிக் கவிழ்ப்பு நாளில் அவரை மறுபடி பிடித்தார்கள். ஆவணப்பட இயக்குநர் ஷின் டேவேக்கு 2024 ஜனவரியில் ராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. படமெடுக்க ஒரு ட்ரோன் வாங்கியதுதான் குற்றம். உள்ளே இருந்து எடுக்கிறவர்கள் கொடுக்கும் விலை இது. மிடி ஸீயின் 'கிளினிக்' (2023), யாங்கோனில் எளிய மருத்துவமனை நடத்தியபடியே ஓவியமும் சினிமாவும் செய்யும் ஒரு மருத்துவத் தம்பதியைப் பின்தொடர்கிறது. கவிழ்ப்புக்குப் பிறகான நாட்டின் மனநிலை அந்தக் காத்திருப்போர் பெஞ்சில் தெரிகிறது.

லாஷியோவே 2024 ஆகஸ்டில், ராணுவத்தை எதிர்த்துப் போரிட்ட கோகாங் படையின் கைக்குப் போய், சீனா நடுவில் நின்று பேசி 2025 ஏப்ரலில் ராணுவத்திடம் திரும்பியது. 'ஐஸ் பாய்சன்' படத்தில் நாம் பார்க்கும் தெருக்கள் போருக்கு முந்தைய லாஷியோவின் பதிவாகிவிட்டன.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால்: 'மாண்டலே செல்லும் சாலை' முதலில், கதை பிடித்துக்கொண்டு போகும். அடுத்து 'ஐஸ் பாய்சன்'. அதற்குப் பிறகும் ஆர்வம் இருந்தால் 'பச்சைக்கல் நகரம்'. 'பர்மாவுக்குத் திரும்புதல்' படத்தை முதலில் பார்த்துவிடாதீர்கள், பாதியில் தூங்கிவிட்டு என்னைத் திட்டுவீர்கள். மற்ற மூன்றும் பார்த்தபின் அதைப் போட்டால், அந்தச் சம்பள விசாரிப்புகள் ஒவ்வொன்றும் காதில் விழும்.